உழுந்தும் மஞ்சட் சித்திரவடிவ நோயும்

மாங்குளத்திலிருந்து மேற்கே வெள்ளாங்குளம் நோக்கிச் செல்லும் வீதியில், மல்லாவியை அடுத்து அமைந்திருப்பது துணுக்காய். முல்லைத்தீவு மாவட்டத்தின் மேற்குப் புறத்திலுள்ள இவ்வூரைச் சுற்றிக் காடும் குளமும் வயலும் மாறி மாறி வரும். 1950களில் மீளக் கட்டப்பெற்ற வவுனிக்குளத்தின் நீர் எட்டும் இடங்களிலே நெல் விளைகின்றது. நீர் ஏறாத மேட்டுநிலங்களிலோ, வடகீழ்ப் பருவக்காற்றுக் கொண்டுவரும் மழையொன்றையே நம்பி உழுந்தும் பயறும் எள்ளும் கௌபியும் விதைக்கப்படுகின்றன. காலபோக மழை ஐப்பசி, கார்த்திகையில் தொடங்க, உழுந்து நிலத்தில் விழுகின்றது. மூன்று மாதங்களுக்குள் காய் கறுத்து முற்றி, தை மாசியிற் களத்துக்கு வந்துவிடும். நீர் பாய்ச்சவேண்டிய கவலையில்லை. பெருந்தொகைப் பசளையும் வேண்டியதில்லை. வேரிலே முடிச்சுக்களைக் கொண்டு காற்றிலுள்ள நைதரசனைத் தானே தேடிக்கொள்ளும் பயிராதலின், நிலத்தையும் அது வறுமைப்படுத்துவதில்லை. கையிற் காசில்லாத கமக்காரனுக்கு இதனிலும் ஏற்ற பயிர் அரிது.

உழுந்தின்றித் தமிழர் வீட்டு அடுக்களை இல்லை. தோசையும் இட்டலியும் வடையும் ஒருபுறமிருக்க, பூப்பெய்திய பெண்ணுக்கு நல்லெண்ணெயோடு ஊட்டப்படும் உழுந்துக்களியும், வறுத்திடித்த உழுத்தம்மாவும் இந்நாட்டுத் தமிழர் வழக்கிலே தனியிடம் பெற்றவை. ஆயினும், இத்துணை வேண்டப்படும் தானியத்திற் பெரும்பகுதி நெடுங்காலம் கடல் கடந்தே வந்தது. 1970 முதல் 1977 வரையுள்ள காலத்தில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, மிளகாயும் வெங்காயமும் வடபகுதிக் கமக்காரரை எவ்வாறு தலைநிமிர வைத்தன என்பதைப் பலரும் அறிவர். 2020ஆம் ஆண்டில் மீண்டும் உழுந்து இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. கிலோ ஒன்றின் விலை ஆயிரம் ரூபாவையும் கடந்தது. வன்னி மேட்டுநிலத்தில் விளையும் ஒவ்வொரு மூடையும் பொன்னாக மதிக்கப்பட்ட காலம் அது. அத்தகைய காலத்திற்றான், ஒரு பயிர் நோயாற் கெட்டால் இழப்பது எவ்வளவு என்பதும் தெளிவாகப் புலப்படும்.

அந்நோயை அடையாளங்காண்பது எளிது. மழை சற்று ஓய்ந்து வெயில் எறிக்கத் தொடங்கும் நாட்களில், இளந்தளிரிலே ஊசிமுனையளவான மஞ்சட் புள்ளிகள் ஒன்றிரண்டு தோன்றும். அடுத்து விரியும் இலையிலே புள்ளிகள் பெருகிப் பச்சையும் மஞ்சளும் கலந்த திட்டுக்களாகும். அதற்கடுத்த இலை முழுவதும் மஞ்சள். ஒரு கிழமைக்கு முன் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்ற செடிகள், பின்னர் பாத்தி பாத்தியாக மாறிவிடும். இளமையிலே பீடிக்கப்பட்ட செடி பூப்பது குறைவு. காய்த்தாலும் காய் குறுகி வளைந்து, உள்ளே சில பருப்புக்களே இருக்கும். தமிழ்நாட்டில் இதனை மஞ்சள் தேமல் என்பர். இலங்கையின் விவசாயத் திணைக்களம் உழுந்து, பயறுப் பயிர்களைப் பற்றிக் கூறுமிடத்து மஞ்சட் சித்திரவடிவ நோய் என்று எச்சரிப்பதும் இதனையே.

பசளைக் குறைவென்று எண்ணி யூரியா இடுவோரும், கடையிற் கிடைத்த பூச்சிநாசினியை அடிப்போரும் உளர். மஞ்சளித்த செடிக்கு இவையிரண்டும் பயன்படா. ஏனெனில், நோய் செடியின் கலங்களுக்குள்ளே, அக்கலங்களின் கருவுக்குள்ளேயே குடிபுகுந்துவிட்டது. அது எவ்வாறு புகுந்தது, புகுந்தபின் யாரைத் துணைகொண்டு ஆட்சி நடத்துகின்றது என்பதை அறிவதற்கு அறிஞர்களுக்கு அரை நூற்றாண்டு பிடித்தது. அவ்வரலாற்றின் ஒரு முக்கியமான பகுதி, பாக்கு நீரிணைக்கு அப்பால், புதுக்கோட்டையிலும் மதுரையிலும் நிகழ்ந்தது.

இலை மஞ்சளிப்பதை மனிதன் கண்டது மிகப் பழைய காலத்தில். கி.பி. 752இல் யப்பானியப் பேரரசி கோக்கென், கோடையிலேயே இலையுதிர்காலம் வந்ததுபோலச் செடியொன்று மஞ்சளாய் நிற்பதை ஒரு பாடலிற் பதிந்துவைத்தார். ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர், 2003ஆம் ஆண்டில், அச்செடியின் மஞ்சளுக்குக் காரணம் ஒரு வைரசே என்று இங்கிலாந்து, யப்பானிய ஆய்வாளர்கள் நிறுவினர். உழுந்தைப் பீடிக்கும் வைரசும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. அரசியார் அழகென்று கண்டதைக் கமக்காரன் அழிவென்று காண்கிறான். இருவர் கண்டதும் ஒன்றே.

வைரசு என்ற கருத்தே பயிர் நோயிலிருந்து பிறந்ததென்பது பலர் நினைவில் நில்லாத செய்தி. 1886இல் ஒல்லாந்து நாட்டிற் பணியாற்றிய அடொல்ப் மையர், புகையிலையின் புள்ளிநோய்க்குச் சித்திரவடிவ நோய் என்று பெயரிட்டார். 1892இல் உருசியரான இவனோவ்ஸ்கி, பற்றீரியாக்களும் புகமுடியாத வடியைக் கடந்து அந்நோய் செல்வதைக் கண்டார். 1898இல் பெய்யறிங்கு, இது உயிருள்ள கலத்தினுள் மட்டுமே பெருகும் புதியதொரு பொருள் என்று துணிந்து கூறினார். 'உயிருள்ள கலத்தினுள் மட்டுமே' என்ற அந்தச் சொற்றொடரிற்றான் பின்னர் வந்த வரலாறு முழுவதும் அடங்கியிருந்தது.

உழுந்தின் கதைக்கு வருவோம். 1955ஆம் ஆண்டில் புதுதில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தின் பண்ணையிலே, பயற்றஞ் செடிகளில் இம்மஞ்சள் நோய் குறிக்கப்பட்டது. 1960இல் நரியானி என்பவர் அதனை முறையாக விவரித்து வெளியிட்டார். சாறு தேய்த்தால் நோய் ஒட்டுவதில்லை. வெண்ஈ என்னும் சிறுபூச்சி ஒரு செடியில் உறிஞ்சிவிட்டு மறுசெடியில் உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்கின்றது என்று அறியப்பட்டது. இலையின் அடிப்புறத்திலே கூட்டமாயிருந்து, கைபட்டதும் வெண்பொடிபோற் பறக்கும் பூச்சி அது. வறண்ட வெயில் நாட்களில் அது பெருகுவதனாலேயே, மழை இடைவிட்ட காலங்களில் நோயும் பெருகுகின்றது. துணுக்காய் போன்ற உலர்வலய ஊர்களில், காலபோகத்தின் நடுவே இரண்டு கிழமை மழை பொய்த்தால் உழுந்துக்கு இரட்டைத் துன்பம்: ஒன்று நீரின்மை, மற்றது வெண்ஈ.

1970களில் இவ்வகை வைரசுகளை இலத்திரன் நுணுக்குக்காட்டியிற் கண்டவர்கள் வியந்தனர். ஒவ்வொரு துணிக்கையும் இரண்டு உருண்டைகள் ஒட்டிப்பிறந்தனபோல இருந்தது. மிதுனராசியின் இரட்டையரை நினைத்து 'ஜெமினி வைரசு' என்று பெயரிட்டனர். அதனிலும் வியப்பு 1977இல் வெளியாயிற்று. அதுவரை அறியப்பட்ட பயிர் வைரசுகளிற் பெரும்பாலானவை ஆர்.என்.ஏ. என்னும் பதார்த்தத்தையே தம் பரம்பரைப் பொருளாகக் கொண்டிருந்தன. இரட்டை வைரசோ ஒற்றையிழையாய் வளையமாகச் சுருண்ட டி.என்.ஏ.யைக் கொண்டிருந்தது. உழுந்து வைரசில் அத்தகைய வளையங்கள் இரண்டு; ஏ என்றும் பி என்றும் பெயர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2,700 எழுத்துக்களாலானது. உழுந்துச் செடியின் பரம்பரை நூலோ பல கோடி எழுத்துக்களைக் கொண்டது. பெரும் ஏடொன்றின் முன்னே ஒரு துண்டுச்சீட்டு என்று இதனை எண்ணிக்கொள்ளலாம்.

அத்துண்டுச்சீட்டில் எழுதப்பட்டிருப்பவை எட்டுப் புரதங்கள் வரையிலானவை மட்டுமே. டி.என்.ஏ.யைப் பிரதிசெய்யும் நொதியம் அதனிடம் இல்லை. டி.என்.ஏ.யைப் படித்து ஆர்.என்.ஏ.யாகப் படியெடுக்கும் நொதியமும் இல்லை. புரதத்தைக் கட்டியமைக்கும் வசதியும் இல்லை. எல்லாம் உழுந்தின் கலத்துக்கு உரியவை. போகம் முடிந்து பூட்டிக்கிடக்கும் நெல்லாலையொன்றின் வாயிலில், ஒரேயொரு சாக்கு நெல்லோடு ஒருவன் வந்து நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ஆலை அவனுடையதன்று, இயந்திரம் ஓட்டவும் அவனறியான். ஆயினும் காவற்காரனை வசப்படுத்திக் கதவைத் திறப்பித்து, இயந்திரக்காரனை எழுப்பித் தன் நெல்லை மட்டும் இரவோடிரவாக அரைப்பித்துக்கொள்கிறான். வைரசின் வாழ்வு அத்தகையது. அவன் வசப்படுத்தும் காவற்காரரும் இயந்திரக்காரரும் கலத்தின் புரதங்கள். வசப்படுத்தும் கருவிகள், வைரசின் பரம்பரையலகுகள் எப்போது, எவ்வளவு வெளிப்படவேண்டும் என்பதை நடத்துகின்ற அதன் சொந்தப் புரதங்கள்.

பூட்டிக்கிடக்கும் ஆலை என்றது வெறும் அலங்காரமன்று. முதிர்ந்த இலையின் கலங்கள் பிரிந்து பெருகுவதை நிறுத்திவிட்டவை, டி.என்.ஏ.யைப் பிரதிசெய்யும் ஒழுங்குகள் அங்கே அடங்கிவிட்டன. அவற்றை அடக்கிவைக்கும் காவற்காரன் யார் என்ற கேள்விக்கு விடை வந்தது, பயிராராய்ச்சியிலிருந்தன்று; குழந்தைகளின் கண்ணிலே தோன்றும் புற்றுநோயொன்றின் ஆராய்ச்சியிலிருந்து. 1986இல் அப்புற்றுநோயைத் தடுக்கும் பரம்பரையலகு பிரித்தெடுக்கப்பட்டது. அது அமைக்கும் புரதம் சுருக்கமாக ஆர்.பி. எனப்படும். கலம் வேண்டாத நேரத்திற் பிரிந்து பெருகாதபடி தடைபோடுவது அதன் தொழில். 1988இல் அமெரிக்காவில் எட் ஹார்லோவின் ஆய்வுக்கூடத்தினர், தடிமல் முதலியவற்றை உண்டாக்கும் அடினோ வைரசின் ஒழுங்காக்கும் புரதமொன்று நேரே சென்று இந்த ஆர்.பி. புரதத்தைப் பற்றிக்கொள்வதைக் கண்டனர். வைரசு புற்றுநோயை எவ்வாறு தூண்டக்கூடும் என்பது ஒரே நாளில் விளங்கியதுபோலாயிற்று. காவற்காரன் கையைப் பிடித்துக்கொண்டால் கதவு திறந்துதானே ஆகும்?

தாவரத்திலும் அத்தகைய காவற்காரன் உண்டோ என்று 1995இல் மட்ரிட் நகரத்துக் கிறிசாந்தோ குத்தியெரெசு குழுவினர் வினவினர். கோதுமையைக் குள்ளமாக்கும் இரட்டை வைரசின் புரதத்திலே, மனித வைரசுகள் ஆர்.பி.யைப் பற்றப் பயன்படுத்தும் அதே சிறு கொளுவியைக் கண்டனர். வேடிக்கை யாதெனின், தாவரத்தின் ஆர்.பி. புரதம் அவ்வாண்டில் இன்னும் பிரித்தெடுக்கப்படவில்லை. மனிதனின் புரதத்தோடேயே கோதுமை வைரசின் புரதத்தைப் பொருத்திப் பார்த்தார்கள். அது பொருந்திற்று! மறு ஆண்டிற் சோளத்திலிருந்து தாவர ஆர்.பி. கண்டெடுக்கப்பட்டது. அதே 1995இல், அமெரிக்காவின் வட கரோலினாவில் லிண்டா ஹான்லி-பௌடொயின் குழுவினர், தக்காளியின் பொன்னிறச் சித்திரவடிவ வைரசு பீடித்த முதிர்ந்த கலங்களில், பிரிந்து பெருகும் கலங்களில் மட்டுமே காணப்படவேண்டிய பி.சி.என்.ஏ. என்னும் புரதம் மீண்டும் தோன்றியிருப்பதைக் காட்டினர். அடங்கிய ஆலை ஓடத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது சான்று. 2004இல் புதுதில்லியிலுள்ள பன்னாட்டு மரபுப்பொறியியல் நிலையத்திற் சுனில் முகர்ஜி குழுவினர், பயற்றின் மஞ்சட் சித்திரவடிவ வைரசிலே இதனை மேலும் நெருங்கி ஆராய்ந்தனர். வைரசின் முதலாவது ஒழுங்காக்கும் புரதம் பி.சி.என்.ஏ.யோடு கைகோத்துக்கொள்கின்றது, ஆனால் கைகோத்தவுடன் வைரசுப் புரதத்தின் சொந்த வேகம் குறைந்துவிடுகின்றது. விருந்தினனை வீட்டுக்காரன் ஓரளவு கட்டிவைக்கிறான் என்பது இதனாற் புலனாகும். உறவு ஒருவழிப்பட்டதன்று.

இவ்வளவும் பிரதிசெய்தலைப் பற்றியது. பரம்பரையலகுகளின் வெளிப்பாட்டை நேரே ஆளும் வைரசுப் புரதம் மற்றொன்று. அதன் பெயர் ஏ.சி. 2. வைரசு கலத்தினுட் புகுந்தவுடன் அதன் எல்லாப் பரம்பரையலகுகளும் ஒருசேர விழிப்பதில்லை. முதலிற் பிரதிசெய்தலுக்கு வேண்டியவை. பின்னரே மேலுறைப் புரதமும், கலத்திலிருந்து கலத்துக்குச் செல்லும் புரதமும். இந்தப் பின்னணிப் படையை எழுப்புவது ஏ.சி. 2 என்பதை 1992இல் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் சண்டரும் பிசாரோவும் நிறுவினர். ஆனால் இப்புரதம் குறிப்பிட்ட டி.என்.ஏ. இடத்தைத் தானாகத் தேடிப் பற்றுந் திறனற்றது. அவ்விடத்திலே ஏற்கெனவே அமர்ந்திருக்கும் கலத்துப் புரதமொன்றின் தோளிற் சாய்ந்தே அது வேலை செய்யவேண்டும். அத்தகைய புரதமொன்றை, பீப்பொட் 2 என்பதை, சண்டரும் லகாட்டசும் 2009இல் அடையாளங்கண்டனர்.

இங்கேதான் மதுரை வருகின்றது. 1966இல் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம், பின்னர் காமராசர் பெயரைத் தாங்கியது. அங்கே தாவர உயிர்த்தொழில்நுட்பத் துறையிற் பேராசிரியர் வேலுதம்பி நடத்திய ஆய்வுக்கூடம், புதுக்கோட்டை மாவட்டத்து வம்பனில் மஞ்சளித்து நின்ற உழுந்திலிருந்து வைரசைப் பிரித்தெடுத்தது. தேசியப் பயறுவகை ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ள ஊர் வம்பன். செம்மண்ணும் வெயிலும் வானம்பார்த்த பயிருமாக, துணுக்காயின் மேட்டுநிலக் கமக்காரனொருவனை அங்கே கொண்டுபோய் விட்டால் அவனுக்கு அயலூர்போலத் தோன்றும். வம்பன் வைரசிலே புதுமையொன்று இருந்தது. ஏ வளையம் ஒரே வகை. பி வளையமோ ஐந்து வகை. ஒரு தலைவனும் ஐந்து துணைவருமாக அது வாழ்ந்தது. இதனை 2004இல் வெளியிட்டார்கள். நுணுக்கமான இவ்வேலைக்கு முன்னே, அவ்வளையங்களை மண்ணில் வாழும் பற்றீரியா ஒன்றின் வழியாக உழுந்துக்குள் செலுத்தி, வெண்ஈயின்றியே நோயை உண்டாக்கிக் காட்டும் முறையையும் அவர்கள் செப்பனிட்டுக்கொண்டனர். அம்முறை இல்லாதிருந்தால் பின்வந்த எதுவும் நடந்திராது. ஆயினும் ஆராய்ச்சி வரலாற்றை எழுதுவோர் இத்தகைய கைவேலைகளை ஒரு வரியிற் கடந்துவிடுவது வழக்கம்.

சுவிற்சர்லாந்தின் பாசல் நகரத்தில் தோமசு ஹோனும் மிக்கயில் பூகினும் பயிர் வைரசுகளை ஆராய்ந்துகொண்டிருந்தனர். மதுரையும் பாசலும் இணைந்தன. மதுரையின் சிவப்பிரசாத், இராஜேஸ்வரன் முதலிய இளைஞர்கள் அவ்விணைப்பிற் பங்குகொண்டனர். 2005இல் இரு கட்டுரைகள் வந்தன. ஒன்று, வம்பன் வைரசின் எந்தப் பரம்பரையலகு எங்கே தொடங்கிப் படியெடுக்கப்படுகின்றது, எந்த ஒழுங்காக்கும் புரதம் எதனை எழுப்புகின்றது, எதனை அடக்குகின்றது என்பதற்கான வரைபடம். மற்றொன்றே மேலும் ஆழமானது. அதனை விளங்கிக்கொள்வதற்குச் செடியின் தற்காப்பைப் பற்றிச் சில சொற்கள் வேண்டும்.

செடிக்கு நமக்குள்ளதுபோன்ற குருதி இல்லை, பிறபொருளெதிரியும் இல்லை. ஆயினும் அது வாளாவிருப்பதில்லை. வைரசின் ஆர்.என்.ஏ.யைக் கண்டால் அதனைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, அத்துண்டுகளையே அடையாளமாக வைத்துக்கொண்டு, அதனையொத்த ஆர்.என்.ஏ. எங்கிருந்தாலும் தேடியழிக்கும். வைரசின் டி.என்.ஏ.மீதே மெதயில் என்னும் முத்திரையைக் குத்தி, அது படியெடுக்கப்படாதவாறு வாயடைக்கவும் செய்யும். ஆர்.என்.ஏ. கொண்டு வாயடைக்கும் இம்முறையைப் புழுக்களிற் கண்டு 1998இல் வெளியிட்ட பயர், மெலோ இருவருக்கும் 2006இல் நோபல் பரிசு கிடைத்தது. தாவர அறிஞர்கள் அதன் தடயங்களை அதற்கு முன்னரே பெற்றூனியாப் பூக்களிற் கண்டிருந்தனர் என்பதையும் சொல்லாதுவிடுதல் நேர்மையன்று.

வாயடைக்கும் இத்தற்காப்பை வைரசு எவ்வாறு உடைக்கின்றது? அங்கும் ஏ.சி. 2! 2003இற் பிசாரோவின் குழுவினர், இப்புரதம் அடினோசின் கைனேசு என்னும் கலத்து நொதியத்தைப் பற்றிச் செயலிழக்கச் செய்வதைக் கண்டனர். மெதயில் முத்திரைக்கு வேண்டிய மையைத் தடையின்றி வழங்கும் சுற்றோட்டத்தில் அந்நொதியத்துக்கு ஒரு பங்குண்டு. அதனை நிறுத்தினால் முத்திரைக்கு மையில்லை. 2015இல் அமெரிக்காவின் தெக்சாசில் வேறொரு குழுவினர், டி.என்.ஏ. சுற்றப்பட்டிருக்கும் புரதங்கள்மீது பூட்டுப்போடும் நொதியமொன்றையும் இதே ஏ.சி. 2 தடுப்பதைக் காட்டினர். வைரசுகளுக்கு இடம் குறைவு, புரதங்கள் சில. ஆகவே ஒவ்வொன்றும் பல வேலை செய்கின்றது. ஒரே ஆள் கணக்கப்பிள்ளையாகவும் வண்டிக்காரனாகவும் சமையற்காரனாகவும் இருக்கின்ற ஏழை வீட்டுக் கல்யாணம்போல.

மதுரை, பாசல் ஆய்வாளர்கள் இதனை வேறொரு வாயிலால் அணுகினர். உழுந்து வைரசின் ஏ.சி. 2 புரதத்தைச் செடியின் கலங்களிலே தனியே வெளிப்படச் செய்து, கலத்தின் எந்தெந்தப் பரம்பரையலகுகள் விழிக்கின்றன என்று கணக்கிட்டனர். ஏறத்தாழ முப்பது விழித்தன. இவை வைரசின் பரம்பரையலகுகளல்ல. செடியின் சொந்தப் பரம்பரையலகுகள். அவற்றிற் சில, வாயடைக்கும் தற்காப்பைத் தளர்த்தக்கூடியவை. ஏ.சி. 2 கருவுக்குட் செல்லுந் திறனை இழக்கும்படி மாற்றியமைத்தால், இவற்றை எழுப்புந் திறனும் போயிற்று. தற்காப்பைத் தளர்த்துந் திறனும் கூடவே போயிற்று. ஆகவே, வைரசு செடியின் காவலைத் தன் கையால் உடைப்பதோடு நில்லாது, செடியின் பணியாட்களை எழுப்பி அவர்களைக் கொண்டே உடைப்பிக்கின்றது என்ற முடிபுக்கு அவர்கள் வந்தனர். 2007இல் வந்த மற்றொரு மதுரைக் கட்டுரை இதன் மறுபக்கத்தைக் காட்டியது. ஏ.சி. 2 புரதத்தைத் தாமே ஆக்கும்படி மாற்றப்பட்ட புகையிலைச் செடிகள் நலமாக வளரவில்லை. அந்தப் புரதம் அவற்றுக்கு நஞ்சாயிற்று. வைரசு நோயின் துன்பத்திற் பெரும்பங்கு, வைரசு உண்பதனாலன்றி, அதன் ஒழுங்காக்கும் புரதம் செடியின் ஒழுங்கைக் குலைப்பதனாலே வருவதென்பதற்கு இது நல்ல சான்று.

இவ்வேலைகளிலெல்லாம் மிக்க நம்பிக்கையூட்டியது 2003இல் வந்தது. செடியின் வாயடைக்கும் முறையை வைரசுக்கெதிராகத் திருப்பினால் என்ன? வைரசின் டி.என்.ஏ.யிலே, இருபுறமும் படியெடுத்தலைத் தொடக்கிவைக்கும் பகுதியொன்றுண்டு. அதனை வைரசின் கட்டளைப்பீடம் எனலாம். அப்பகுதியை ஒத்த ஈரிழை ஆர்.என்.ஏ. உண்டாகும்படி அமைத்த டி.என்.ஏ.யை, ஏற்கெனவே மஞ்சளித்த உழுந்துச் செடிகளின் இலைகளுக்குள் நுண்துகள்களோடு செலுத்தினர். செடிகளிற் பெரும்பாலானவை தேறின. நோயுற்றுவிட்ட உழுந்து மீண்டு பச்சை இலை விடுவது அதுவரை கேட்டறியாத செய்தி. டி.என்.ஏ. வைரசுக்கும் ஆர்.என்.ஏ. கொண்டு வாயடைக்கலாம் என்பது அதனால் உலகுக்கு விளங்கிற்று. ஆயினும், ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு செடியையும் தனித்தனியே எடுத்து மருந்து செலுத்துவது வேறு. ஏக்கர்க்கணக்கில் விதைத்த சேனைப் பயிர் வேறு. அறிவு வயலுக்கு வரும் வழி நீண்டது. அதனை மறைத்துப் பேசுவதில் நன்மையில்லை.

இதே குடும்பத்து வைரசொன்று இலங்கையின் பெயரையே தாங்கி உலகெங்கும் செல்கின்றது என்பதை வன்னியிற் பலரும் அறியார். ஒல்லாந்தர் காலத்திலே இத்தீவுக்கு வந்த மரவள்ளி, நெல் பொய்த்த காலங்களில் வயிற்றை நிரப்பிய கிழங்கு. அதன் இலையைச் சுருட்டி மஞ்சட் திட்டுக்களாக்கும் வைரசை, 2002இல் இங்கிலாந்தின் ஜோன் இன்னசு நிலையத்தார், இந்திய ஆய்வாளர்களோடு சேர்ந்து வரிசைப்படுத்தி, இலங்கை மரவள்ளிச் சித்திரவடிவ வைரசு என்று அழைத்தனர். ஒரு காலத்தில் ஒற்றை வளையத்தோடு வாழ்ந்த வைரசு, இந்திய மரவள்ளி வைரசிடமிருந்து இரண்டாம் வளையத்தை இரவல் பெற்று இவ்வாறு ஆயிற்று என்பது அவர்கள் துணிபு. 2015இல் அது கம்போதியாவில் தோன்றியது. பின்னர் வியட்நாம், தாய்லாந்து, சீனா என்று பரவிற்று. ஆபிரிக்க மரவள்ளி வைரசுகளில் வனிதாராணி, செல்லப்பன், போக்கே ஆகியோர் 2004இற் காட்டிய செய்தியும் இங்கே நினைக்கத்தக்கது. இரண்டு வைரசுகள் ஒரே செடியிற் கூடினால், ஒன்றின் ஏ.சி. 4 புரதமும் மற்றதன் ஏ.சி. 2 புரதமும் தற்காப்பை வெவ்வேறு படியிற் தாக்கி, தனித்தனியே செய்யமுடியாத கேட்டைச் செய்கின்றன.

மரவள்ளியிலே எதிர்ப்புச் சக்தியுள்ள இனங்கள் நைசீரியாவில் நெடுங்காலமாக இருந்தன. ஏன் அவை எதிர்க்கின்றன என்பது மட்டும் தெரியாதிருந்தது. 2022இல் அதற்கு விடை கிடைத்தது. எதிர்ப்பின் இருப்பிடம், நோயைத் தாக்கும் படைக்கலமொன்றன்று, டி.என்.ஏ.யைப் பிரதிசெய்யும் கலத்துச் சொந்த நொதியத்தில், டெல்ற்றா பொலிமரேசு என்பதில், ஏற்பட்டிருந்த சிறு மாற்றம். அதற்கு முந்திய ஆண்டிலேயே, இரட்டை வைரசுகள் தம் டி.என்.ஏ.யைப் பெருக்குவதற்கு இந்நொதியத்தை நாடுகின்றன என்று ஆய்வாளர்கள் காட்டியிருந்தனர். ஆலையின் இயந்திரத்திலே பல்லொன்று சற்றே மாறியிருக்கிறது. வீட்டுக்காரனின் நெல் அரைபடுகின்றது, திருடனின் நெல் அரைபடவில்லை.

உழுந்திலே எதிர்ப்புச் சக்தியைத் தேடும் வேலை, பழைய முறையான கலப்பினாலே நடந்துவருகின்றது. வம்பன் என்ற பெயரோடு வெளியிடப்பட்ட உழுந்து இனங்களிற் சில மஞ்சள் தேமலைத் தாங்குகின்றன. இலங்கையில் மகா இலுப்பள்ளமையிலும் அங்குணகொலபெலெச்சவிலும் உள்ள விவசாயத் திணைக்கள ஆராய்ச்சி நிலையங்கள் பயறுவகைகளைக் கவனித்துவருகின்றன. ஆனால் விதையினம் தேர்வது வன்னியில் வெறும் விஞ்ஞானப் பிரச்சினையாக மட்டும் இருந்ததில்லை. 2008ஆம் ஆண்டிற் போர் துணுக்காயை எட்டியபோது மக்கள் ஊரைவிட்டுக் கிழக்கே பெயர்ந்தனர். வீட்டு மூலையிற் சாம்பல் கலந்து பேணப்பட்ட விதையைச் சுமந்து செல்ல அங்கே யாருக்கு இயலும்? மீண்டு வந்தவர்கள் காடேறிய மேட்டுநிலத்தைத் திருத்தி, கிடைத்த விதையைக் கொண்டே மறுபடியும் தொடங்கவேண்டியவராயினர். எதிர்ப்புச் சக்தியுள்ள விதை உரிய காலத்தில் ஊருக்கு வந்துசேர்வது, அத்தகையோருக்கு ஆய்வுக் கட்டுரை பத்தினும் மேலானது.

கருவுக்குள் நடப்பதையறிந்தவன் வயலிற் செய்யவேண்டியதையும் எளிதில் உணர்வான். மஞ்சளித்த செடியில் வைரசு பெருகுகின்றது. வெண்ஈ அங்கேயே தன் சுமையை ஏற்றிக்கொள்கின்றது. முதற் கிழமையிலே தோன்றும் ஒன்றிரண்டு செடிகளைப் பிடுங்கிப் புதைத்தால் அச்சந்தை மூடப்படும். வரம்போரத்தில் மஞ்சள் பட்டுநிற்கும் களைகளுக்கும் இதுவே விதி. நாற்பது நாள் கடந்து வயல் முழுவதும் மஞ்சளித்தபின் அடிக்கும் நாசினி, கடைக்காரனுக்கன்றி வேறெவருக்கும் உதவாது. துணுக்காயின் மேட்டுநிலங்களில், காலபோக மழையோடு விதைத்த உழுந்து மூன்றாம் இலை விடும் நாட்களில், காலை வெயில் ஏறுமுன் இலையைப் புரட்டி அடிப்புறத்தைப் பார்த்துக்கொண்டு வரிசை வரிசையாக நடப்பதே கமக்காரன் செய்யவேண்டிய முதல் வேலை. ஒரு ஏக்கருக்கு அரைமணி நேரம் போதும்.